வீட்டுக்கு ஒரு பேர்

“அப்ப நான் வாங்குற சவுக்காரத்துல இருந்துதான் ஒங்களுக்கு பென்ஷன் வருதுன்னு சொல்றேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க மாஸ்டர், பாப்போம்!”

“ஒன் சவுக்காரம் ஒனக்கே பத்தாதுடா. மொதல்ல போயி குளி.”

“பேச்ச மாத்தாதீங்க. சவுக்காரத்துக்கு வற் வரி இருக்கா இல்லையா? போனுக்கு ரீலோட் போட்டா அதுலயும் வெட்டுறானா இல்லையா? அதெல்லாம் எங்க போவுதாம்? ஒங்க ஆளுங்க ரோட்டுல நின்னு பென்ஷன்ல கை வைக்காதன்னு கத்துறாங்களே, அதுக்குத்தான் போவுது!”

பாண் ரொட்டி வாங்க வந்த வினோதா கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே சத்தம் போடுகிற இரண்டு பேரும் அவளுக்குத் தெரிந்தவர்கள்தான். ஒருவன் சுமன், கீழ் லயத்துப் பிள்ளை, ஆட்டோ ஓட்டுகிறான். மற்றவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி கிஷாந்த், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். ஹட்டனில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தால், ஆண்டியப்பன் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் மேலே ஏறுவான். போன கிழமை ஹட்டன் டவுனில் ஆசிரியர்கள் பதாகை பிடித்து நின்றபோது அவனும் நின்றான். அன்றைக்கு ரோட்டில் மாட்டிக்கொண்ட சுமனுக்கு நல்ல ஹயர் சவாரி ஒன்று கை தவறிப் போனது. அந்த எரிச்சல்தான் இன்றைக்குக் கடைக்குள் புகைந்துகொண்டிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் வினோதா, “என்னடா ரெண்டு பேருக்கும்?” என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, பாணை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பாள். இன்றைக்குக் கால் நகரவில்லை. பென்ஷன் என்ற சொல் இரண்டு கிழமையாக அவள் தலைக்குள் ஈ மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது.

காரணம் மகள் தனுஜா. ஏ.எல். பாஸ் பண்ணி, கல்வியியற் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். முடித்தால் டீச்சர். அரசாங்க வேலை, வயசானால் பென்ஷன். லயத்தில் எல்லோரும் வந்து கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

அதே நேரம் பார்த்து வினோதாவின் முட்டி கழன்றது. மழை நாளில் கொழுந்துச் சாக்கோடு சறுக்கி விழுந்ததில் வந்த வினை. இனி மலை ஏறக்கூடாது என்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்துக் கண்டாக்கு, அதாவது மலை வேலையைப் பார்க்கிற ஐயா, நல்ல மனுஷன்தான். அவரும் ஒன்று சொன்னார்: “நீங்க நின்னுட்டா வீட்டுலேருந்து இன்னொரு பேரு வரணும் வினோதா. மகள திங்கக்கெழம பெரட்டுக்கு அனுப்புங்க.”

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்தான் பெரட்டு. அந்தத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பேர் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவில், இருக்க வேண்டும். இருந்தால்தான் லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டில் ஒரு அறை, அந்தக் குடும்பத்துக்கு. இது எழுதி வைத்த சட்டமா, வாய்வழக்கமா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எழுத்தைப் பார்த்தவர்கள் கிடையாது. பேர் இல்லாமல் போன வீடுகளில் பூட்டுத் தொங்குவதை மட்டும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வினோதாவின் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறார். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் ஊர்ப்பக்கம் தலைகாட்டுவார். அவர் பேர் செக்ரோலில் இல்லை. மிச்சம் இருப்பது தனுஜா ஒருத்திதான்.

விடிந்தால் திங்கட்கிழமை. கல்லூரியில் போய்ச் சேர வேண்டிய நாளும் அதுதான். மகள் பேரைக் கொடுப்பதா, கல்லூரிக்கு அனுப்புவதா? வினோதா இன்னும் யாருக்கும் வாயைத் திறக்கவில்லை.

“அக்கா, நீயே கேளு இவன் பேசுறத!” கிஷாந்த் அவளைப் பார்த்துவிட்டான்.

வினோதா உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “ஏய் சுமன், சும்மா ஏன் அவனப் போட்டு வாங்குற? அவன் பென்ஷன் அவன் சல்லி. எங்களுக்கு ஈ.பி.எப். வெட்டுற மாதிரி அவனுக்கும் மாசா மாசம் வெட்டுறாங்க. அத சேத்து வச்சி கடைசில குடுக்கிறாங்க. இதுல ஒன் சவுக்காரம் எங்கேருந்து வந்திச்சி?”

“அப்படிப் போடுக்கா! சம்பளத் துண்டுலயே இருக்கு. மாசம் தவறாம வெட்டு.”

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். கோயிலுக்கு வெட்டு, யூனியனுக்கு வெட்டு, சாவு வீட்டுக்கு வெட்டு, தீபாவளிக்கு வாங்கின அட்வான்சுக்கு வெட்டு. சம்பளத்தில் வெட்டு விழாமல் ஒரு நல்லது நடக்கும் என்று நம்புவதற்கு அவர்களுக்கு வழியே இல்லை. கிஷாந்த் படித்தவன்தான். ஆனாலும் லயத்தில் வளர்ந்தவன். முதல் சம்பளத் துண்டில் ஒரு வெட்டைப் பார்த்ததும், இதுதான் பென்ஷன் என்று அவனும் முடிவு கட்டிவிட்டான். அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை.

சுமன் விடுகிற ஆள் இல்லை. “அப்ப பந்தயம். தோத்தவங்க ஆட்டோ சல்லி குடுக்கணும்.”

“எங்க போறதுக்கு ஆட்டோ?”

“தெரிஞ்ச ஆளுகிட்ட கேக்கத்தான்.”

சீனி நிறுத்துக்கொண்டிருந்த ஆண்டியப்பன் தலையைத் தூக்கினார். “டிக்கோயா ரோட்டுல துரைராசா ஐயா இருக்காருல்ல, கவர்மெண்டுக் கச்சேரில பென்ஷன் பகுதியிலேயே இருந்து பென்ஷன்ல போனவரு. அவருகிட்ட போங்க. இங்க நின்னு கத்தி என் யாவாரத்தக் கெடுக்காதீங்க.”

இரண்டு பேரும் எழுந்தார்கள். வினோதாவும் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“நீ எதுக்குக்கா, முட்டிய வச்சிக்கிட்டு?”

“ஆட்டோலதானடா போறோம். எனக்கும் தெரியணும்.”

துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். வேலைக்கென்று மலைநாட்டுக்கு வந்து இந்தக் குளிரிலேயே தங்கிவிட்டவர். இவர்கள் போனபோது கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, ஒரு கோழி கணக்கில் குறைகிறது என்று மனைவி பூரணத்தோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார். மூவரையும் கண்டதும் ஏதோ மரணச் செய்தி என்று நினைத்துவிட்டார்.

“என்ன பிள்ளையள், ஆருக்கு என்ன?”

சுமன் விஷயத்தைச் சொன்னான். அவர் கூட்டுக் கதவில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“தம்பி மாஸ்டர், உம்மட சம்பளத்தில வெட்டுற காசு விதவைகள் அநாதைகள் நிதிக்கு. நாளைக்கு உமக்கொண்டு நடந்தா உம்மட மனிசிக்கும் பிள்ளையளுக்கும் குடுக்கிறது அது. உம்மட பென்ஷனுக்கு நீர் ஒரு சதமும் கட்டேல்லை. நானும் கட்டேல்லை. அது அரசாங்கத்தின்ர திறைசேரியில இருந்து வாறது.”

“தெறசேரிக்கு எங்கேருந்து வருது?” சுமன் விடவில்லை.

“வரி. பொதுசனத்தின்ர வரி.”

“சவுக்காரமா இல்லையா?”

“சவுக்காரமுந்தான்.”

சுமன் நடு முற்றத்தில் ஒரு ஆட்டம் ஆடினான். கோழிகள் சிதறி ஓடின. கிஷாந்த் முகம் வாடி, தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருடம் சம்பளம் வாங்கியும் தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற வெட்கம். அதைவிட, ரோட்டில் பதாகை பிடித்தபோது ‘எங்கள் பணம்’ என்று கத்தியது ஞாபகம் வந்ததும் காது சிவந்தது.

“வெக்கப்படாதையும்,” என்றார் துரைராசா. “கச்சேரியில எனக்குப் பக்கத்து மேசையில இருந்தவனுக்கே பென்ஷன் எடுக்கிற வருசம்தான் உது விளங்கினது. எங்களுக்கு ஒரு கதை இருந்தது, அரசாங்க வேலைக்குச் சம்பளம் குறைவு, மிச்சத்தைக் கடைசியில தருவினம் எண்டு. அதிலயும் ஞாயம் இருக்கு. ஆனா இப்ப பென்ஷன்காரர் கூடிப்போச்சினம். வரி கட்டுற சனத்துக்கு மூச்சு முட்டுது. அதுவும் ஞாயந்தான்.”

வினோதா ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தையில் துணியைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா? நானுந்தான் சவுக்காரம் வாங்குறேன். அப்ப ஒங்களுக்கு நானும் பென்ஷன் குடுக்கிறேனா?”

“ஓம் பிள்ளை. நீரும் தாறீர்.”

“இத்தன வருஷமாவா?”

“ஓமோம்.”

வினோதாவுக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தனக்கு ஒரு சதம் பென்ஷன் கிடையாது, ஆனால் ஒரு கச்சேரி ஐயாவுக்குப் பென்ஷன் கொடுக்கிற ஆள் தான் என்றால் அது சின்ன விஷயமா? முற்றத்தில் மேய்கிற கோழிகளை அவள் புதுக் கண்ணோடு பார்த்தாள்.

“அப்ப இந்தக் கோழில எனக்கும் பங்கு இருக்குதுங்க.”

பூரணம் வாய்விட்டுச் சிரித்தாள். “கால் எனக்கு, இறகு எனக்கு எண்டு பங்கு பிரிக்க வராதையும். உள்ள வாரும், தேத்தண்ணி தாறன்.”

தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டே வினோதா அடுத்ததைக் கேட்டாள். “அம்மா, ஐயாவுக்கு பென்ஷன் இல்லன்னா ஒங்க ரெண்டு பேத்தையும் யாரு பாப்பாங்க?”

பூரணம் யோசிக்கவே இல்லை. “மோன்தான். லண்டனில நிக்கிறான். அவனுக்கே ரெண்டு வேலை, மூண்டு பிள்ளையள். கேட்டா அனுப்புவான். கேக்கத்தான் மனம் வராது.” பிறகு குரலைத் தணித்தாள். “இந்த மனிசன்ர பென்ஷனாலதான் அவன் எங்களோட சிரிச்சுக் கதைக்கிறான் பிள்ளை. இல்லையெண்டா ஒவ்வொரு மாசமும் போன் அடிக்கவே அவனுக்குப் பயமா இருக்கும்.”

திரும்பி வரும்போது, பந்தயத்தில் தோற்ற கிஷாந்த் ஆட்டோ சல்லியை எண்ணிக் கொடுத்துவிட்டு முன்னால் சுமன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான். சுமன் பாட்டை உரக்கப் போட்டிருந்தான். கொஞ்ச தூரம் போனதும் வினோதா பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினாள்.

“பாட்ட கொறடா. ஒங்கம்மாவ யாரு பாக்குறா?”

“நான்தான். எங்கக்கா ஜோர்தான்லேருந்து அனுப்புது. அதுவும் நானுந்தான்.”

“அப்ப நீ ஒங்கம்மாவுக்கும் குடுக்குற, ஐயாவுக்கும் குடுக்குற.”

“அதத்தானக்கா சொல்றேன்!” சுமன் பாட்டை முழுவதுமாக நிறுத்தினான். “எனக்கு மாஸ்டர் மேல கோவம் இல்ல. சத்தியமா இல்ல. வாங்கட்டும், நல்லா வாங்கட்டும். எனக்கு வயசானா இந்த ஆட்டோவா எனக்கு சோறு போடும்? எனக்கும் வேணும். அவ்வளவுதான். அத யாருகிட்ட போய்க் கேக்குறதுன்னு தெரியல. மாஸ்டர்தான் கையில மாட்டுனாரு.”

கிஷாந்த் மெதுவாகத் திரும்பினான். “இத மொதல்லயே சொல்லியிருந்தா பிளேன்டீயாவது ஆறாம குடிச்சிருப்பேனேடா.”

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் வினோதாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவளுக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா வேலையிலிருந்து நின்ற வருடம், வீட்டுக்கு ஒரு பேர் வேண்டும் என்று வினோதா ஓ.எல். எழுதாமலே பெரட்டுக்குப் போனாள். ஈ.பி.எப். என்று வந்தது ஒரு தடவைக் காசு. அது அப்பாவின் கடனுக்கும் கூரைத் தகரத்துக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு போன வருடம் கண்ணை மூடும்வரை அம்மா இருந்த காம்பராவும் தின்ற சோறும் வினோதாவின் பேரில்தான் வந்தன. அதே பேரில்தான் கிஷாந்த் மாஸ்டரானான்.

‘அம்மாவுக்கு பென்ஷன் இல்லன்னு யாரு சொன்னா? நான்தான் இருந்தேனே’ என்று நினைத்தாள். நினைத்த பிறகு, அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா துக்கப்பட வேண்டிய விஷயமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் தனுஜா துணிகளைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். தாய் என்ன சொல்லுவாளோ என்று தெரியாமல், வைத்ததையே மறுபடி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நாளைக்கு என் பேர குடுக்கப் போறீங்களா?”

வினோதா கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தடவினாள். “நீ டீச்சரானா எனக்கு பென்ஷன் வருமா?”

“ஒங்களுக்கா? எனக்குத்தானே வரும். அதுவும் புதுசா சேர்றவங்களுக்கு மாத்தப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. வருமோ வராதோ.”

“அப்ப எனக்கு?”

“ஒங்களுக்கு நான் இருக்கேன்ல. என்னாத்துக்கு இந்தக் கேள்வி?”

பிள்ளை அன்பாகத்தான் சொன்னாள். கேட்ட வினோதாவுக்கோ குளிர் காலத்தில் தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. இதே வார்த்தையைத் தன் அம்மாவிடம் தானும் சொல்லியிருக்கிறாள். சொன்ன மறுநாள்தான் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டினாள். லண்டன் மகன் பாவம் என்கிற பூரணம் அம்மாவின் குரலும் காதுக்குள் கேட்டது.

வாசலில் நின்ற கிஷாந்த், “மாசா மாசம் நான் குடுக்கிறேன்க்கா. பிள்ளைய படிக்க அனுப்பு,” என்றான்.

“சல்லி நீ குடுப்படா, எனக்குத் தெரியாதா? அவங்க கேக்குறது சல்லியில்ல. பேரு. ஒன் பேர அவங்க எடுக்க மாட்டாங்களே.”

கிஷாந்த் வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான்.

“தனுஜா,” என்றாள் வினோதா, “அந்தப் பைய ஒழுங்கா அடுக்கு. எடுத்து எடுத்து வைக்காத. துணி கசங்குது.”

திங்கட்கிழமை காலை பெரட்டுக்கு வினோதாவே போனாள். முட்டியில் பழைய சேலைத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். கண்டாக்கு அவளையும் அவள் பின்னால் யாருமில்லாததையும் பார்த்தார்.

“மக எங்க?”

“படிக்கப் போவுதுங்க. பேரு என் பேராவே இருக்கட்டும்.”

“மலை ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதா நீங்கதான சொன்னீங்க? எந்நாளும் அரைப் பேரு எடுத்தா கணக்குல வராது வினோதா. முழுப் பேருக்குக் கொழுந்து வேணும்.”

“ரோட்டோர நெறையில என்ன விடுங்க ஐயா. அந்தியில தராசு சொல்லட்டும்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, ரோட்டோரம் போங்க என்றார்.

தராசு என்ன சொல்லும் என்று வினோதாவுக்குத் தெரியும். ரோட்டோரத்தில் செடி கட்டை. ஒரு நாளுக்குக் குறித்த கிலோ இருந்தால்தான் முழுப் பேர்; இங்கே அதில் பாதிக்கு மேல் தேறாது. அவள் நம்பி வந்தது வேறொன்றை. அந்தக் கூட்டத்துப் பெண்களிடம் கை போடுவது என்று ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியோ, காய்ச்சல்காரியோ, அன்றைக்கு முடியாதவள் யாராக இருந்தாலும், நிறுவைக்குப் போகும் வழியில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்தை அள்ளி அவள் சாக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். அரைப் பேர் முழுப் பேராகிவிடும். யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். போட்டவளுக்குத் தன் கூடுதல் கிலோவில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் அதெல்லாம் ஒரு நாள், ஒரு கிழமை, மிஞ்சினால் பிள்ளை பிறக்கும்வரை. வினோதாவுக்கு அதைச் சொல்லாமல் வாங்க மனம் வரவில்லை. தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் ரோட்டோரமாக வந்து உட்கார்ந்ததும் நேராகக் கேட்டுவிட்டாள்.

“எனக்குக் கை போடுவீங்களாடி?”

“இதென்ன கேள்வி? போடாமலா?” என்றாள் ராக்காயி. கூட்டத்திலேயே மூத்தவள், வாய்க்காரி. “எத்தன நாளைக்கு?”

“மூணு வருஷத்துக்கு.”

ராக்காயிக்குத் தேத்தண்ணி புரையேறியது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வினோதா சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

“மக படிச்சு முடிக்கிற வரைக்கும். அதுக்கப்பறம் ஏதோ ஒரு வழி பாக்குறேன்.”

முதலில் பேசியது பிரேமினி. போன வருடம் அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அதிகமாகக் கை போட்டவளே வினோதாதான். “அக்கா, கோவிக்காதீங்க. எனக்குப் போட்டது கொஞ்ச நாளைக்கு. மூணு வருஷம்னா எம் பிள்ளைக்குப் பால்மா வாங்குற சல்லிலேருந்து ஒங்க மக படிக்கிற மாதிரி ஆவுதுல்ல?”

“ஆவுதுதான்,” என்றாள் வினோதா. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“நீ சும்மா இருடி,” என்றாள் ராக்காயி. “நாளைக்கு எனக்கு முட்டி போனா எனக்கும் போடுவியா மாட்டியா?”

“போடுவேன். அப்ப இந்த அக்காவுக்கும் போடணும், ஒங்களுக்கும் போடணும். முன்ன இந்த மலையில எத்தன பேரு கொழுந்து எடுத்தோம், இப்ப எத்தன பேரு எடுக்குறோம்? பொடிச்சிகளெல்லாம் கார்மென்டுக்குப் போயிட்டாளுக. கடைசில எடுக்குறவ நான் ஒருத்தி, கை போடுறதுக்கு நீட்டிக்கிட்டு நிக்கிறது முப்பது சாக்கா?”

“ஏய், அதுக்காக அவள அப்படியே விட்டுறதா?”

“விட சொன்னேனா? கேக்குறேன். கேக்கவும் கூடாதா?”

வினோதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நேற்றைய கடைச் சண்டைதான் காதில் விழுந்தது. சவுக்காரத்துக்குப் பதிலாகக் கொழுந்து, திறைசேரிக்குப் பதிலாகச் சாக்கு. கேள்வி அதே கேள்விதான். பிரேமினி கேட்பதில் தப்பே இல்லை என்றும் தோன்றியது. ராக்காயி சொல்வதிலும் தப்பில்லை. இரண்டு பேர் பேச்சிலும் தப்பில்லாமல் ஒரு சண்டை எப்படி நடக்கும் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

“என் தம்பி சல்லி குடுக்குறேங்கிறான்,” என்றாள். “கை போடுறவங்களுக்கு அவன்…”

“சல்லி குடுத்தா அது கூலிக்கு எடுக்குற கொந்தராத்து,” ராக்காயி வெட்டினாள். “ஒன் தம்பிக்கு வேற வேல இருக்கு. சம்பளத்துக்காக நாங்க ரோட்டுல ஒக்காந்தோமே, மாஸ்டரு எங்க இருந்தாரு? ஸ்கூல் கேட்டுக்குள்ள நின்னு எட்டிப் பாத்தாரு. அடுத்த தடவ பென்ஷனுக்குப் புடிச்ச அந்தத் துணியத் திருப்பி எழுதிக்கிட்டு எங்களோட வந்து ஒக்காரச் சொல்லு. எங்களுக்கும் பென்ஷன் வேணும்னு எழுதச் சொல்லு. எழுத்துப் பிழை இல்லாம!”

பிரேமினிகூடச் சிரித்துவிட்டாள். கங்காணி குரல் கொடுக்க, எல்லோரும் எழுந்து மலைக்குப் போனார்கள். போடுவோம் என்றும் யாரும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

அந்தி நிறுவைக்கு வினோதா சாக்கோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் மலையிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ராக்காயி இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் ஒரு கை போட்டாள். ஒருத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள். இன்னொருத்தி, “நாளைக்குப் போடுறேன்க்கா, இன்னைக்கு எனக்கே கொறையுது,” என்றாள். பிரேமினி கடைசியாக வந்தாள். நின்றாள். தன் சாக்கைப் பார்த்தாள், வினோதாவின் சாக்கைப் பார்த்தாள். ஒரு கை அள்ளி, அதிலிருந்து கொஞ்சத்தைத் திரும்பத் தன் சாக்கில் விட்டுவிட்டு, மிச்சத்தைப் போட்டாள்.

“இன்னைக்குத்தான் போட்டிருக்கேன். நாளைக்கத நாளைக்குப் பாப்போம்.”

“சரிடி.”

தராசு முழுப் பேர் சொன்னது. கண்டாக்கு சாக்கையும் வினோதாவையும் ஒரு தடவை பார்த்தார். எதுவும் கேட்காமல் பேரைப் பதிந்தார். அந்த நேரம் தனுஜா மாமன் கிஷாந்தோடு சுமனின் ஆட்டோவில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. இன்றுவரை வினோதாவின் பேர் விழுகிறது. சில நாள் முழுதாக, சில நாள் அரையாக. பிரேமினி சில நாள் போடுகிறாள், சில நாள் போடாமல் போகிறாள். போடாத நாளில் வினோதா அவளோடு பேசாமல் இருப்பதில்லை.

ஆனால் ஒரு விஷயம் வினோதாவுக்கு இன்னும் விளங்கவில்லை, இதை எழுதுகிற எனக்கும் விளங்கவில்லை. எடுக்கிறவர்கள் குறைந்து, கை நீட்டுகிறவர்கள் கூடினால் என்ன செய்வது? நீங்கள் பிரேமினி இடத்தில் இருந்தால் அந்தக் கையைப் போட்டிருப்பீர்களா? ஆசிரியர்கள், பென்ஷன் எடுப்பவர்கள், மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், யாராக இருந்தாலும் கோபப்படாமல் உங்கள் மனதில் பட்டதைக் கீழே எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு பேர் என்பது உங்கள் தோட்டத்திலும் உண்டா, அதை எழுத்தில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். பதில்களை வினோதாவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.